இடுப்பு முப்பத்திநாலு

இடுப்பு என்பது பேண்ட் நிற்கிற இடம் என்று நம் ஆண்களில் பெரும்பாலோர் நம்பிவருகிறார்கள். இது பிழை என்பதை மிகுந்த பொறுப்போடும் வருத்தத்தோடும் தெரிவிக்க வேண்டியிருக்கிறது. பூமி தட்டை என்று நம்பியவர்களால் யாருக்கும் பெரிய கெடுதல் வந்துவிடவில்லை. அவர்கள் பாட்டுக்கு உழுதார்கள், பிள்ளை பெற்றார்கள், வயதாகிச் செத்தார்கள். இடுப்பு விஷயம் அப்படி விட்டுவிடக் கூடியதல்ல. விலா எலும்புகளில் கடைசி எலும்பு எங்கே முடிகிறது என்பதை விரலால் தடவிக் கண்டுபிடிக்க வேண்டும். இடுப்பெலும்பின் மேல்விளிம்பையும் அப்படியே. இரண்டுக்கும் நடுவில், ஏறத்தாழத் தொப்புளை ஒட்டி, மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில், நாடாவைத் தரைக்கு இணையாகச் சுற்ற வேண்டும். வருகிற எண்தான் இடுப்பளவு. பேண்ட் எங்கே நிற்கிறது, எங்கே நழுவுகிறது என்பதெல்லாம் துணிக்கடைக்காரருக்கும் புவியீர்ப்பு விசைக்கும் இடையிலான தனி விவகாரம். இந்தச் சின்ன விஷயம் பரஞ்சோதிக்குத் தெரியாது. அவர் உறையூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் மூத்த கணித ஆசிரியர். வட்டத்தின் சுற்றளவு அவர் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய பாடம்.

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், தில்லைநகரில் ஒரு பரிசோதனை நிலையத்தின் முதல் மாடியில், வெறும் வயிற்றோடு, மனைவி மங்கையர்க்கரசிக்குப் பக்கத்து நாற்காலியில் பரஞ்சோதி உட்கார்ந்திருந்தார். ரத்தம் எடுத்தாகிவிட்டது, முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்திப் பிடித்திருந்தார், கீழே காபிக்கடையிலிருந்து டிகாஷன் வாசனை படியேறி வந்து மூக்கைத் தொட்டுவிட்டு ஃபினாயில் வாசனையில் காணாமல் போனது, மறுபடி வந்தது. கணவனும் மனைவியும் ஜோடியாக வந்தால் சலுகை என்று தினத்தாளோடு வந்த நோட்டீசைப் பார்த்து அவர்தான் பெயர் கொடுத்திருந்தார். தனக்காக இல்லை, தனக்கு என்ன குறை, கல்யாணத்துக்குத் தைத்த பேண்ட் முப்பத்திநாலு, இன்றைக்குப் போட்டிருக்கிற பேண்டும் முப்பத்திநாலு, ஊரில் எத்தனை பேர் இதைச் சொல்ல முடியும், சக ஆசிரியர்கள் ஒவ்வொருவராக முப்பத்தாறு, முப்பத்தெட்டு என்று ஏறிக்கொண்டே போனதை அவர் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து பார்த்தவர். அளவு ஏறவில்லை என்பது உண்மை. பேண்ட் இறங்கியிருந்தது. வருஷத்துக்குக் கொஞ்சமாக, யாரும் கவனிக்காத வேகத்தில், பெல்ட்டின் கொக்கி வயிற்றின் அடிவாரத்தை நோக்கிச் சூரியன் மாதிரி இறங்கிப் போய், ஒருநாள் மறைந்தேவிட்டது. கடைசியாக அந்தக் கொக்கியைக் குனிந்து பார்த்தது எப்போது என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் இதெல்லாம் இன்றைய விஷயம் இல்லை, இன்றைய விஷயம் அவள். ஒரு டாக்டர் வாயால் அவள் கேட்க வேண்டும். பந்தியில் பாயசத்துக்குக் காத்திருப்பவரைப் போல அவர் அதற்குக் காத்திருந்தார். நாற்காலியில் அவள் உட்கார்ந்தபோது பிளாஸ்டிக் முனகியது, அவர் அதைக் கேட்டார், கேட்டதை அவள் பார்க்கும்படி புருவத்தைத் தூக்கினார், அது போதும், இப்போதெல்லாம் வார்த்தை தேவைப்படுவதில்லை. புதிதில் 'பூசினாப்புல' என்றார். மகன் பிறந்த பிறகு 'அண்டா'. அப்புறம் கொஞ்ச காலம் 'கிரைண்டர்'. இப்போது சமையலறை வாசலில் அவள் எதிரே வந்தால் லாரிக்கு ஒதுங்குகிறவரைப் போல முதுகைச் சுவரோடு ஒட்டி நின்று, "போங்க, போங்க, லோடு வண்டி" என்று கையைக் காட்டுவார், விருந்தாளிகள் இருந்தால் அவர்களோடு சேர்ந்து அவளும் சிரிப்பாள். ராத்திரிச் சோற்றை விட்டாள், கொள்ளுத் தண்ணீர் குடித்தாள், மொட்டைமாடியில் செக்குமாடு மாதிரி சுற்றி நடந்தாள், தொடையும் பின்புறமும் வைத்தது வைத்தபடி இருந்தன.

உள்ளே எங்கோ ஒரு கதவுக்குப் பின்னால் யாரோ ஓடிக்கொண்டிருந்தார்கள். தட், தட், தட், தட். ட்ரெட்மில். சற்று முன் ஒரு ஆள், நல்ல தொந்தி, சட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, நெஞ்சில் வட்டவட்டமாக ஒட்டிய பசைத் தாள்களோடு அந்தக் கதவுக்குள் போனதை அவர் பார்த்தார். கதவு சாத்துவதற்குள் அந்த ஆளின் மனைவியும் எட்டிப் பார்த்தாள். என்ன அசிங்கம் என்று பரஞ்சோதி நினைத்தார், பெண்டாட்டி பார்க்க ஒரு மனுஷன் வெற்றுடம்போடு ஓடுவது, ஓடுகிற வயிறு ஒரு தாளத்தில் போக வயிற்றுக்குச் சொந்தக்காரன் வேறு தாளத்தில் போவது, தட், தட், கடைவாய்ப் பல் லேசாக விண்ணென்றது, இடது பக்கம், கீழே. இந்தப் பல்லை ஒருநாள் பார்க்க வேண்டும். மாதக்கணக்காக இருக்கிறது, விசித்திரமான பல், சாப்பிடும்போது வலிக்காது, ஸ்கூலில் இரண்டாவது மாடிக்கு ஏறினால் வலிக்கும், உட்கார்ந்தால் போய்விடும். இன்றைக்கும் இந்த ஒற்றை மாடி ஏறும்போது வந்தது. படித் திருப்பத்தில் டாக்டர்கள் பெயர்ப்பலகை நல்லவேளையாக இருந்தது, நின்று ஒவ்வொரு பட்டமாக, அடைப்புக்குறிக்குள் இருந்த ஊர்ப் பெயர் உட்பட, படித்து முடித்தார். மங்கையர்க்கரசி அதற்குள் மேலே போய்விட்டிருந்தாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தபடி நின்றாள். "என்னங்க, பல்லா?" என்றாள். "உனக்காகத்தான் மெதுவா ஏறுறேன்" என்றார் அவர். தனக்கு முன்னால் ஏறிவிட்டவளிடம் அதைச் சொன்னோம் என்பது இப்போது நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதுதான் உறைத்தது. உறைத்ததை உடனே அப்பால் தள்ளினார்.

எதிர்ச் சுவரில் ஒரு வண்ணப் படம். இரண்டு மனித உருவங்கள், ஒன்று வயிறு மட்டும் உப்பி, கை கால் குச்சியாக, அதன் பக்கத்தில் ஆப்பிள்; இன்னொன்று மேலே சின்னதாக, கீழே அகலமாக, அதன் பக்கத்தில் பேரிக்காய். கீழே பொடி எழுத்தில் ஏதேதோ இருந்தது, கண்ணாடியை அவர் வீட்டில் விட்டிருந்தார், ஆனால் உருவத்துக்கு என்ன கண்ணாடி. "ஏய், அங்க பாரு." அவள் பார்த்தாள். "உன் போட்டோவ மாட்டிருக்கான். பேரிக்காய்." அவள் முந்தானையை இழுத்து இடுப்பைச் சுற்றிச் செருகிக்கொண்டாள். "மூடினா போயிடுமா? கொடைக்கானல் போனா உன்னை எடை போட்டு வித்துருவாங்க, பாத்து." "உங்க போட்டோவும் பக்கத்துலயே இருக்கு" என்றாள் அவள், மிக மெதுவாக, படத்தைப் பார்த்தபடியே. "எனக்கா? என் இடுப்பு முப்பத்திநாலுடி. உன் தம்பி மெய்கண்டன், ஒட்டடைக்குச்சி, அவனுக்கும் எனக்கும் ஒரே அளவு. பொங்கலுக்கு அவனுக்கு எடுத்த பேண்ட்ட நான் போட்டுப் பாத்துதானே வாங்கினேன்?" அது நடந்தது நிஜம். கடையில் கண்ணாடி முன் நின்று, மூச்சை இழுத்து, கொக்கியை அடிவாரத்தில் போட்டுக் காட்டியபோது அவள் பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், தலையாட்டினாள்.

கொழுப்பில் இரண்டு சாதி உண்டு, இதைப் பரஞ்சோதி இன்னும் படிக்கவில்லை என்பதால் நாமாவது சொல்லிவிடலாம். தொடையிலும் பின்புறத்திலும் தங்குவது ஒழுங்கான குடித்தனக்காரர் மாதிரி, இடத்தை அடைக்கும், படியில் செருப்பைப் பரப்பும், மற்றபடி பெரிய வம்பு கிடையாது. வயிற்றுக்குள் போய் ஈரலையும் குடலையும் சுற்றி உட்காருவது வேறு ரகம். வந்த கொஞ்ச நாளில் வீட்டுக்காரரையே காலி பண்ணச் சொல்லும். எடை இயந்திரத்துக்கு இந்த வித்தியாசம் தெரியாது, அது இரண்டையும் சேர்த்துச் சொல்லும். நாடாவுக்குத் தெரியும். பரஞ்சோதியின் அப்பாவுக்கு ஊரில் ஒல்லி என்றுதான் பெயர். கொக்குக் கால், சூம்பின கை, நடுவில் மட்டும் யாரோ பானையை ஒளித்துவைத்த மாதிரி. "வாத்தியாரோட அப்பாவுக்கு வசதி வந்துருச்சு" என்று அந்தப் பானையைத் தட்டுவார்கள், அவரும் நின்று தட்டக் கொடுப்பார். சத்திரம் பேருந்து நிலையத்தில், லால்குடி பஸ்ஸுக்குக் கால் எடுத்துவைத்தவர் அப்படியே உட்கார்ந்தார். தூக்கிக்கொண்டு போனபோது தலைப்பக்கம் பிடித்தவர்கள் முக்கினார்கள், கால்பக்கம் பிடித்தவர், "இங்க ஆளே இல்லாத மாதிரி இருக்குப்பா" என்றார். இந்த வாக்கியம் மட்டும் ஏன் இத்தனை வருஷமாக அழியவில்லை. அப்பாவுக்கு அப்போது ஐம்பத்திரண்டு. எனக்கு என்று கணக்குப் போடத் தொடங்கிய மூளையை, கணக்கு வாத்தியாரின் மூளை, அது சொல்லாமலே போடும், அவர் பாதியில் அடித்து நிறுத்தினார். தட், தட், தட். நூல். ஏன் நூல் ஞாபகம் வருகிறது. சவரிராஜ். ஏழாம் வகுப்பு, இரண்டாவது பெஞ்ச், சட்டைப் பொத்தான் பிதுங்கும் பையன். சுற்றளவிலிருந்து விட்டம் கண்டுபிடிப்பது எப்படி என்று புத்தகத்தில் வண்டிச்சக்கரம் போட்டிருந்தது, யார் பார்த்தார்கள் வண்டிச்சக்கரத்தை, அவர் சவரிராஜை மேஜை முன் கூப்பிட்டு நிறுத்தி வயிற்றைச் சுற்றி நூலைக் கட்டினார். வகுப்பு கூரை பிய்ந்துவிடும் போலச் சிரித்தது. பையன் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, கன்னம் சிவந்து, ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். "மூச்ச விடுடா, விடை தப்பா வரும்." விடவில்லை. விலாவில் ஒரு விரலால் குத்தினார், விட்டான், நூல் இறுகியது, சிரிப்பு அடுத்த வகுப்பு வரை கேட்டது. இருபத்திரண்டு பை ஏழு அன்றைக்கு அந்த வகுப்பில் ஒருவன் பாக்கி இல்லாமல் எல்லாருக்கும் பதிந்தது. நல்ல பாடம். பையன் அதற்கப்புறம் பள்ளிக்கூடம் மாற்றிக்கொண்டு போனான், அவன் அப்பாவுக்கு வேலை மாற்றமாக இருக்கும்.

"மங்கையர்க்கரசி பரஞ்சோதி, உள்ள வாங்கம்மா. சாரும் கூடவே வந்துருங்க" என்று ஒரு பெண் கூப்பிட்டாள். நீலக் கோட்டு, கழுத்தில் தொங்கிய அட்டையில் ஜெனிபா என்றிருந்தது, கையில் அளக்கும் நாடா. மனைவியை எடை இயந்திரத்தில் ஏற்றினாள், எழுபத்திநாலு, பரஞ்சோதி தொண்டையைச் செருமி, "மெஷின் நல்ல மெஷின்தானேம்மா? தாங்குமா?" என்றார். ஜெனிபா சிரிக்கவில்லை. பசி நேரத்தில் நிறையப் பேரை அளந்துகொண்டிருந்தவள். நாடாவை எடுத்து இடுப்பில் சுற்றினாள், "எழுபத்தொம்பது." பின்புறத்தில் அகலமான இடம் பார்த்துச் சுற்றினாள், "நூத்தியெட்டு." "ஆகா, அர்ச்சனையே பண்ணலாம்" என்றார் பரஞ்சோதி. இதோ வரப்போகிறது, பாயசம். ஜெனிபா கால்குலேட்டரைத் தட்டினாள். "வெயிட் கொஞ்சம் இருக்கும்மா, அது நடந்தா இறங்கும். ஆனா இடுப்பு எண்பதுக்குள்ள இருக்கு, ரேஷியோ பாய்ண்ட் ஏழு மூணு, ரொம்ப நல்லா இருக்கு. பேரிக்காய் பாடி. பயப்பட வேண்டாம், நீங்க பச்சையில இருக்கீங்க." பச்சையா. இந்த அறையிலும் சுவரில் அதே படம் இருந்தது, கிட்டத்தில், கண்ணாடி இல்லாமலே படிக்கிற தூரத்தில். பேரிக்காய்க்குக் கீழே பச்சைப் பட்டை. ஆப்பிளுக்குக் கீழே சிவப்பு. சிவப்புப் பட்டையில் இதயம், சர்க்கரை, ரத்தக்கொதிப்பு என்று வரிசையாக எழுதியிருந்தது. மங்கையர்க்கரசி தன் இடுப்பைத் தானே குனிந்து பார்த்தாள், வேறு யாருடையதையோ பார்ப்பதைப் போல, "அப்படியாம்மா?" என்றாள், அவள் முகத்தில் ஒன்று வந்தது, கல்யாண ஆல்பத்தில் முதல் பக்கத்தில் இருக்கிற ஒன்று, அதற்கப்புறம் எந்தப் பக்கத்திலும் இல்லாதது, பரஞ்சோதிக்கு அது பிடிக்கவில்லை.

"சார், சட்டைய மேல தூக்கிப் பிடிங்க." தூக்கினார். குளிர்ந்த விரல் விலாவின் கடைசி எலும்பைத் தேடி அழுத்தியது, வருஷக்கணக்காக யாரும் தொடாத இடம், அங்கே எலும்பு இருப்பதே அவருக்குச் செய்தி. நாடா சுற்றி வந்து தொப்புளருகே முட்டியது. "மூச்ச விடுங்க சார்." விட்டிருப்பதாகத்தான் நினைத்திருந்தார். இல்லை, பிடித்திருந்தார், எப்போதிலிருந்து, இந்த அறைக்குள் வந்ததிலிருந்தா, கடைக் கண்ணாடியிலிருந்தா, ஸ்டாஃப் ரூமில் குரூப் போட்டோவுக்கு நின்றதிலிருந்தா, எத்தனையோ வருஷத்துக்கு முன் இழுத்த ஒரு மூச்சை இன்னும் வெளியே விடாமலே சோறு தின்று, பாடம் நடத்தி, தூங்கி எழுந்துகொண்டிருக்கிறோமோ என்று ஒரு கணம் தோன்றியது, விட்டுவிடலாம், விட்டால் என்ன, இந்தப் பெண் ஒரு எண்ணை எழுதுவாள், யாரோ டாக்டர் பார்ப்பார், அப்பாவுக்கு யாராவது நாடா வைத்திருந்தால் அவர் அன்றைக்கு பஸ் ஏறியிருக்க மாட்டார், விடு, விடுடா மூச்சை, நூல், சவரிராஜ் ஜன்னலைப் பார்த்தான், இங்கே ஜன்னல் இல்லை, பெண்டாட்டி நின்றாள். "சார், பிடிச்சிட்டே இருக்கீங்க. பிடிச்சே தொண்ணூத்தாறு வருது. விட்டா நூறு தாண்டும்." "அது இடுப்பில்லம்மா" என்றார் பரஞ்சோதி. "என்ன சார்?" "நீ அளக்குறது வயிறு. இடுப்பு இங்க இருக்கு." நாடாவை அவள் கையிலிருந்து வாங்கினார், வயிற்றுக்கு அடியில், பெல்ட்டின் மேல் கொடுத்து இழுத்தார். "பாரு. எண்பத்தாறு. இன்ச்சுல முப்பத்திநாலு. இருபத்தாறு வருஷமா முப்பத்திநாலு." "சார், அது பேண்ட் சைஸ். சார்ட்ல போட்டிருக்கற மாதிரிதான் நாங்க—" "நான் மேத்ஸ் டீச்சர். எனக்குச் சுத்தளவு சொல்லித் தர்றியா நீ? எழுதிக்க, எண்பத்தாறு." அவள் தயங்கினாள், வாசலில் அடுத்த ஜோடி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. "சார், கோவப்படாதீங்க. ஆம்பளைங்களுக்கு தொண்ணூறுக்கு மேல இருந்தா டாக்டர் ட்ரெட்மில் எழுதுவாங்க, இன்னிக்கே பாத்துரலாம், பத்து நிமிஷ வேலை. படி ஏறினா மூச்சு வாங்குமா, நெஞ்சு, கை, தாடை எங்கயாவது வலி வருமா?" தட், தட் நின்றிருந்தது. அந்தக் கதவு திறந்து தொந்தி ஆள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வெளியே வந்தார், அவர் மனைவி அவர் சட்டையைக் கையில் பிடித்திருந்தாள். தாடை என்றா சொன்னாள். "அவளுக்கு வாங்கும்" என்றார் பரஞ்சோதி. மங்கையர்க்கரசி வாயைத் திறந்தாள். "இவங்களுக்கு ஒரு பல்லு—" என்று தொடங்கினாள். அவர் திரும்பி அவளைப் பார்த்தார். விருந்தாளிகள் முன்னால் பார்ப்பாரே, அந்தப் பார்வை. அவள் அவர் முகத்தைப் பார்த்தாள், பிறகு தூக்கிப் பிடித்த சட்டைக்குக் கீழே தெரிந்த பனியனை, பிறகு சுவரில் சிவப்புப் பட்டையை, அவசரமில்லாமல், ஒன்றன்பின் ஒன்றாக. வாயை மூடிக்கொண்டாள். ஜெனிபா எண்பத்தாறு என்று எழுதினாள். "சட்டைய இறக்கிக்கங்க" என்றாள் மங்கையர்க்கரசி.

டாக்டர் இளைஞர், வரிசையைப் பார்த்துப் பார்த்துப் பேசினார். ஈசிஜி சரியாக இருந்தது, ஓய்வாகப் படுத்திருக்கும்போது எடுத்தால் அது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். "சார் ஃபிட்டா இருக்கீங்க, இடுப்பு எண்பத்தாறு, மெயின்டெயின் பண்ணுங்க. அம்மா, நீங்க மட்டும் வெயிட்டக் கொஞ்சம் பாத்துக்கங்க." பாயசம் வந்துவிட்டது, கொஞ்சம் தாமதமாக, ஆனால் வந்துவிட்டது. படியிறங்கும்போது பரஞ்சோதி முன்னால் போனார், இறங்குவதில் பல் வலிப்பதில்லை. "காதுல விழுந்துச்சா?" "விழுந்துச்சு." "யாரு ஃபிட்டாம்?" "நீங்கதான்." "பச்சையாம் பச்சை. அந்தப் பொண்ணுக்கு நாடாவே பிடிக்கத் தெரியல." கீழே காபிக்கடையில் அவருக்கு நெய்ப் பொங்கலும் வடையும், அவளுக்கு ஒரு இட்லி என்று சர்வரிடம் அவரே சொன்னார். அவள், "ரெண்டு இட்லி" என்று திருத்தினாள். அவர் புருவத்தைத் தூக்கினார். அவள் சர்வரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சுவர்ப் பக்கம் இடம் இருந்தும் அவர் எழுந்து கை கழுவப் போகும்போது வயிறு மேஜை விளிம்பில் இடித்துத் தம்ளர் தண்ணீர் தளும்பியது, அவள் தம்ளரை நகர்த்தி வைத்தாள்.

ஐப்பசியில், காரியமெல்லாம் முடிந்து பந்தல் பிரித்த மறுநாள், மங்கையர்க்கரசி பீரோவைத் திறந்து பேண்ட்களைக் கட்டிலில் எடுத்துப் போட்டாள். எல்லாம் நல்ல துணி, இரண்டு இன்னும் மடிப்புக் கலையாமல் இருந்தன. "மாமாவோடத நான் எப்படிக்கா போடுறது" என்று மெய்கண்டன் கதவருகேயே நின்றான். "எல்லாம் முப்பத்திநாலுதான், போட்டுப் பாரு" என்றாள். அவன் ஒன்றை எடுத்துக்கொண்டு உள்ளே போய்ப் போட்டுப் பார்த்தான். சரியாக இருந்தது. பெல்ட் தேவைப்படவில்லை.